பன்னுவைக் கடப்பாக்கத்துக்கு அனுப்பியது

செய்யூர்
சனிக்கிழமை

அன்பு மகள் சிநேகாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையில் எனக்கு உடம்புக்கு ஒன்றும் குறையில்லை, அந்த ஊர்க் குளிரில் உன்னையும் அவர் அப்படியே காக்க வேண்டும் என்றுதான் தினமும் ஜெபிக்கிறேன். ஞாயிறுதோறும் போனில் பார்த்துப் பேசுகிறோமே, காகிதம் எதற்கு என்று நினைப்பாய். உன் முகத்தைப் பார்த்தால் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. ஜெர்மனிக்கு வந்து சேர எத்தனை நாள் ஆகுமோ தெரியாது, சேருகிறபோது சேரட்டும்.

விஷயம் பன்னுவைப் பற்றி. பயப்படாதே, பூனை இப்போது நன்றாக இருக்கிறது, என் காலடியில்தான் படுத்திருக்கிறது. போன மாதம் நீ ஆர்டர் போட்ட வாஷிங் மெஷின் வந்ததும் பின்பக்கம் இடம் போதாமல் பன்னு வெளிக்குப் போகிற மண் டிரேயை மெஷினை ஒட்டித் தள்ளி வைத்தேன். அதிலிருந்து ஆரம்பித்தது. டிரேயில் போய் உட்காரும், கத்தும், ஒன்றும் போகாமல் எழுந்து வந்துவிடும். பிறகு ஹாலில் பாயின் மேல், கதவுக்குப் பின்னால் என்று கண்ட இடத்தில் கொட்டை கொட்டையாகப் போட்டது. வயிறு சரியில்லை போல என்று பாலை ஊற்றினேன், அது இன்னும் மோசமானது. போன சனிக்கிழமை காலையில் பார்த்தால் அப்பா கட்டிலில் போய் வைத்திருக்கிறது. அப்பா போய் மூன்று வருஷம் ஆகியும் அந்தக் கட்டிலுக்கு விரிப்பு மாற்றுவேனே தவிர யாரையும் படுக்க விட்டதில்லை, உனக்கே தெரியும். எனக்குத் தலைக்கேறிவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கடப்பாக்கத்திலிருந்து நம் ஸ்டான்லி மாமா மீன் கொடுக்க வந்தான். இந்தப் பூனையை எங்கேயாவது கொண்டு போ என்றேன். அவனும், குடுக்கா, அங்க மீனுக்கு இன்னா பஞ்சம், ராஜா மாரி இருக்கும் என்று தூக்கிக்கொண்டு போய்விட்டான். மறுநாள் நீ பன்னுவைக் காட்டச் சொன்னபோது, கட்டிலுக்கு அடியில் தூங்குகிறது என்றேனே, அது பொய்.

கோபம் சாயங்காலத்துக்குள் போய்விட்டது, ஆனால் திரும்பக் கேட்க வெட்கமாக இருந்தது. குக்கர் விசில் அடங்கினால் வீட்டில் வேறு சத்தமே இல்லை. நாள் முழுக்க நான் பன்னுவிடம்தான் பேசிக்கொண்டு இருந்திருக்கிறேன் என்பதே அது போன பிறகுதான் தெரிந்தது. திங்கட்கிழமை நான் வாய் திறந்தது ஒரே ஒரு தடவை, கேஸ் சிலிண்டர் கொண்டு வந்தவரிடம் உள்ளே வையுங்கள் என்று சொன்னதற்காக. செவ்வாய்க்கிழமை அதுவும் இல்லை.

புதன்கிழமை காலையில் ஸ்டான்லி போன் செய்தான். அக்கா, இன்னா குட்த்தாலும் துன்ன மாட்டேங்குது, ஐஸ் பொட்டிக்குப் பின்னால போயி குந்திகினு கீது, முக்கி முக்கிக் கத்துது, ஒண்ணும் வர்ல, வாந்தி வேற எடுத்துச்சு, நீ வந்து பாரு என்றான். கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு பஸ் ஏறினேன். என் குரலைக் கேட்டதும் ஐஸ் பெட்டிக்குப் பின்னாலிருந்து தவழ்கிற மாதிரி வெளியே வந்தது, வயிறு கல்லாக இருந்தது. இரண்டு காய்கறிக் கூடையை வாயோடு வாய் சேர்த்துக் கட்டி அதற்குள் வைத்து, ஸ்டான்லியின் மீன் வண்டியிலேயே செங்கல்பட்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே ரக்ஷா என்று உன் வயதில் ஒரு டாக்டர். நடந்ததையெல்லாம் கேட்டு, வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, ஆன்ட்டி, இது சேட்டை இல்ல, வலி, மெஷின் சத்தத்துக்குப் பயந்து அடக்கி வெச்சிருக்கு, மலம் இறுகிப் போச்சு, போகும்போது வலிச்சதால அந்த டிரேவே வேணாம்னு ஒதுங்கிடுச்சு, கட்டில் மெத்துன்னு இருந்துச்சு, அங்க போயிருக்கு, உங்க மேல கோவம்லாம் ஒண்ணும் இல்ல என்றது அந்தப் பெண். வெறும் உலர் தீனியும் தண்ணீர் குடிக்காததும்தான் முக்கியக் காரணமாம். டிரிப் ஏற்றி எனிமா கொடுத்தார்கள். அவ்வளவு நேரமும் பன்னு என் கையைக் கடிக்கவே இல்லை சிநேகா, முகத்தை என் முழங்கை மடிப்பில் புதைத்துக்கொண்டு இருந்தது.

கிளம்பும்போது டாக்டர், சிரப் ஊத்தும்போது வீட்ல யார் பிடிச்சுப்பாங்க என்று கேட்டது. நான்தான் என்றேன். அப்ப ஊத்தறது யாரு என்றது. அதுவும் நான்தான் என்றேன். அந்தப் பெண் ஒரு துண்டை எடுத்து, குழந்தையைச் சுற்றுகிற மாதிரி பூனையைச் சுற்றி ஒற்றைக் கையால் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தது. இப்போது எனக்கு நன்றாகவே வருகிறது. பாலை நிறுத்திவிட்டேன், மீனை முள் எடுத்து வேகவைத்த தண்ணீரோடு பிசைந்து வைக்கிறேன், இரண்டு இடத்தில் கிண்ணத்தில் தண்ணீர் வைத்திருக்கிறேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அப்பா கட்டிலை நேற்று ஸ்டான்லியை விட்டுக் கழற்றி சர்ச் ஹாஸ்டலுக்குக் கொடுத்துவிட்டேன். வீட்டிலேயே சத்தமில்லாத மூலை அது கிடந்த இடம்தான், டிரே இப்போது அங்கே இருக்கிறது. உன்னைக் கேட்காமல் செய்துவிட்டேன் என்று வருத்தப்படாதே.

இன்றைக்குக் காலையில் பன்னு அந்த டிரேயில் போய் உட்கார்ந்து, கத்தாமல், ஒழுங்காக வெளிக்குப் போயிற்று. மண்ணைத் தள்ளி மூடிவிட்டும் வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. உனக்குப் போன் போட்டேன், நைட் டியூட்டியில் இருந்திருப்பாய், எடுக்கவில்லை. ஸ்டான்லிக்கும் போட்டேன், மீன் ஏலத்தில் இருந்தான், கூச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு பூனை வெளிக்குப் போனதைச் சொல்லிச் சந்தோஷப்பட இந்தத் தெருவில் நான் யார் வீட்டுக் கதவைத் தட்டுவேன். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

நீ வெளிநாடு போகிறேன் என்றபோது நான் தடுக்கவில்லை, போன பிறகு ஒரு நாளும் வா என்று கூப்பிட்டதும் இல்லை. உன் வேலை, உன் வாழ்க்கை என்று இருந்துவிட்டேன். இப்போது கூப்பிடுகிறேன். கிறிஸ்துமஸுக்கு ஒரு பத்து நாள் லீவு கேட்டுப் பார். கிடைக்காவிட்டால் பரவாயில்லை, நான் கூப்பிட்டேன் என்பது உனக்குத் தெரிய வேண்டும்.

கழுத்தை மூடிக்கொள்ளாமல் வெளியே போகாதே. உன்னை அங்கே கொண்டு சேர்த்த தேவன் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. இது கிடைத்ததும் மறக்காமல் போன் செய்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா
ஹெலன்