பெயருக்குக் கீழே ஒரு வரி

இன்று காலை ஏழு பத்துக்கு உன்னிடமிருந்து மெயில் வந்தது. தினமும் வருவதுதான். சித்தூர் ஆலையின் கோப்புகளை நகலெடுத்தாகிவிட்டது, பிழை எதுவும் இல்லை என்று இரண்டே வரி. ஆலையின் பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் நீ என்றைக்கோ ஏற்றி வைத்த வேலை அது, உன் கணக்கிலிருந்து தானாக அனுப்பிக்கொண்டிருக்கிறது. நீ போய் எட்டு மாதமாகிறது என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. கீழே பச்சைக் கோடு, ஒரு மாம்பழப் படம், உன் பெயர், போன் நம்பர். போன வாரம் வரை உன் பெயருக்குக் கீழே இன்னொரு வரியும் இருந்தது. இன்றைக்கு இல்லை. நான்தான் எடுத்தேன். எடுத்துவிடு என்று நீ கேட்டு ஒரு வருஷம் கழித்து எடுத்தேன்.

நாம் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். மாம்பழக் கூழ் கம்பெனி. ஆலை சித்தூரில், தலைமை அலுவலகம் திருப்பதியில். கம்ப்யூட்டர் வேலைக்கு உன்னை அங்கே போட்டார்கள், என்னை இங்கே. சுற்றிலும் தெலுங்கு. நீ சித்தூர் சர்ச் குடும்பத்துத் தமிழ், நான் புத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துத் தமிழ். சர்வர் நின்றுபோச்சு என்று தொடங்கும் போன், உங்கள் வீட்டு மீன்குழம்பில் போய் முடியும். நீ கூப்பிட்டால், சாப்பிட்டேனா என்பதுதான் முதல் கேள்வி. ‘இன்னாடி, துன்னியா?’ பக்கத்து சீட்டுக்காரிக்குத் தமிழ் தெரியாது, ஆனால் அந்த ஒரு கேள்வி மட்டும் அவளுக்கும் மனப்பாடம்.

சீசனில் லாரிகள் ரோடு வரை நிற்கும். எடை மேடைக் கம்ப்யூட்டர் கொஞ்சம் மக்கர் பண்ணினால் லாரிக்காரர்கள் உன் பெயரைச் சொல்லித்தான் கத்துவார்கள். நீ பாய்லர் பக்கத்து அறையிலிருந்து வேர்க்க விறுவிறுக்க ஓடுவாய். அப்போதெல்லாம் மெயிலுக்குக் கீழே சிக்னேச்சரை அவரவரே எழுதிக்கொள்ளலாம். நீ உன் பெயர், ‘சிஸ்டம்ஸ் பொறுப்பாளர், சித்தூர் ஆலை’, சொந்த போன் நம்பர், எந்நேரமும் கூப்பிடலாம் என்று தெலுங்கில் ஒரு வரி, இத்தனையும் போட்டிருந்தாய். கம்பெனியைப் பெயருக்கு எழுதி வாங்கின மாதிரி இருக்கிறதே என்று நான் கிண்டல் செய்வேன். நீ சிரிப்பாய். அந்தப் பொறுப்பாளர் என்ற சொல் உனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று இப்போது சொல்லித் தப்பிக்க முடியாது.

புது மேலாளர் வந்தார். எல்லாவற்றையும் கிளவுடுக்கு ஏற்று, ஆலையில் சர்வரே வேண்டாம், எல்லா மெயிலுக்கும் ஒரே மாதிரி சிக்னேச்சர் என்றார். எனக்கு இரண்டும் பிடித்திருந்தன. உனக்கு இரண்டும் பிடிக்கவில்லை. சீசனில் நெட் போனால் ஆலை என்ன செய்யும், ஒரு நகலாவது சித்தூரில் இருக்கட்டும் என்றாய். ஆளுக்கு ஆள் வேலை வேறு, எல்லாரையும் ஒரே அச்சில் எதற்கு அடிக்கிறீர்கள் என்றாய். போனில் நாம் போட்ட சண்டை கொஞ்சமா? ஒருநாள் நீ பழங்காலத்து ஆள் என்றுகூடச் சொன்னேன். உனக்கும் எனக்கும் வயது வித்தியாசம் மூன்று மாதம்.

திருப்பதியில் கூட்டம் போட்டார்கள். அதற்காகவே நீ காலை பஸ்ஸில் வந்தாய். நகல் வேண்டும் என்று நிதானமாகத்தான் பேசினாய். மேலாளர் என் பக்கம் திரும்பி, தேவையா என்று கேட்டார். தேவையில்லை சார் என்றேன். அவரைப் பார்த்துத்தான் சொன்னேன், உன்னைப் பார்க்கவில்லை. கூட்டம் முடிந்து உன்னை பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோய் விட்டேன். டீ வாங்கிக் குடித்தோம். கூட்டத்தைப் பற்றி நீ ஒரே ஒரு பேச்சுதான் பேசினாய்.

“நீ சொன்னது தப்புன்னு சொல்லல. என் மூஞ்சியப் பாத்து சொல்லியிருக்கலாம்டி.”

அதற்குள் சித்தூர் பஸ் வந்துவிட்டது. நீ ஏறிப் போய்விட்டாய்.

சர்வர் போனதும் உன் பதவியும் போனது. ஆலையிலேயே இரு, ஆனால் உதவியாளராக இரு என்றார்கள். உத்தரவு எனக்கு வந்தது, ஊழியர் பட்டியலில் மாற்றச் சொல்லி. மாற்றினேன். ‘உதவியாளர், கம்ப்யூட்டர் பிரிவு’ என்று தட்ட எவ்வளவு நேரம் ஆகும்? புது ஏற்பாட்டில் சிக்னேச்சரை அனுப்புகிறவர் தொட முடியாது. எழுதும்போது கண்ணிலும் படாது. மெயில் வெளியே போகும் வழியில் பட்டியலைப் பார்த்துத் தானாக ஒட்டிக்கொள்ளும். நீ யாருக்கு என்ன எழுதினாலும், கடைசியில் நான் தட்டின அந்த வரிதான் போய் நின்றது.

அந்த வாரமே போன் செய்தாய். துன்னியா என்று கேட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தாய்.

“ஏண்டி, பேருக்குக் கீழ இருக்கிற அந்த ஒரு வரிய மட்டும் எடுத்துடுறியா? மெஷின்காரங்க, லேப்காரங்க எல்லாம் போன் பண்ணி இன்னாச்சுன்னு கேட்டுக்கினே கீறாங்க. பதில் சொல்லி மாளல. அதுகூட போவட்டும். நைனாவுக்கு இன்சூரன்ஸ் பேப்பர் அனுப்புனேன், கீழ பாத்துட்டாரு. ஒண்ணுமே கேக்கல. அதாண்டி தாங்கல.”

நான் என்ன சொன்னேன்?

“சிஸ்டம் ஒத்துக்காதுடி. எல்லாருக்கும் ஒரே டெம்ப்ளேட்.”

“அப்டியா? சரி வுடு.”

சிஸ்டத்தை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. அதுதான் உண்மை. மேலாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். உனக்காக ஏதோ செய்தேன் என்று அவர் காதுக்குப் போனால் என் நாற்காலி ஆடும் என்று பயந்தேன். அந்தப் பயத்துக்கு சிஸ்டம் என்று பெயர் வைத்தேன். சே, என்ன பிறவி நான். அதற்குப் பிறகு நீ மெயில் எழுதுவதையே விட்டுவிட்டாய். எதற்கும் போன், இல்லாவிட்டால் நேரில். வேலையில் உனக்கு அக்கறை குறைந்துவிட்டது என்று நினைத்தேன்.

நாலு மாதம். பிறகு டெங்கு. வேலூருக்குக் கொண்டுபோய் ஆறாம் நாள் முடிந்துவிட்டது. ஆலை வாசலில் அஞ்சலி ஃப்ளெக்ஸ் வைக்க வேண்டும், பெயரும் பதவியும் அனுப்புங்கள் என்று எனக்குச் செய்தி வந்தது. அழுதுகொண்டேதான் பட்டியலைத் திறந்தேன். இருந்ததை அப்படியே எடுத்து அனுப்பினேன். கைப்பழக்கம். மறுநாள் சர்ச்சுக்குக் கொண்டுபோகும் வழியில் உன்னை ஆலை வாசலில் கொஞ்ச நேரம் நிறுத்தினார்கள். ஆளுயரத்துக்கு உன் போட்டோ, கீழே தெலுங்கில் கொட்டை எழுத்தில் அந்த வரி. நைனா என்று நீ கூப்பிடும் உன் அப்பா அதன் எதிரே நின்று எழுத்துக் கூட்டிப் படிப்பதைப் போல மெதுவாகப் படித்தார். ரிட்டயர்டு வாத்தியார் அவர், அவருக்கு எந்த எழுத்தைக் கூட்ட வேண்டும்? படித்து முடித்து என்னைப் பார்த்துக் கை கூப்பினார்.

“நல்லா பெருசா போட்டுக்கிறீங்கம்மா.”



போன வாரம் மேலாளர் உன் கணக்கை நீக்கிவிடச் சொன்னார். நீக்கும் முன் வேலைக் கடிதங்களை எடுத்து வைக்க வேண்டும் என்பதால் உன் மெயில் பெட்டியைத் திறந்தேன். அனுப்பாத கடிதங்களில் ஒன்றே ஒன்று இருந்தது. எனக்கு எழுதியது. நான் சிஸ்டம் ஒத்துக்காது என்று சொன்னதற்கு மறுநாள் தேதி. நம் வழக்கப்படி இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்.

“அந்த சிக்னேச்சர் சாஃப்ட்வேர்காரங்க ஹெல்ப் பக்கத்துல பாத்தேன். டெம்ப்ளேட்டுல கடைசியா ஒரு டிக் கீதாம். அத போட்டுட்டு பதவிய காலியா வுட்டா அந்த வரி வராது. உனக்கு வேலை ஜாஸ்தி, பாத்திருக்க மாட்ட. முடிஞ்சப்போ பண்ணு, அவசரமில்ல.”

கீழே உன் பெயர், நீயே தட்டியது. அனுப்பியிருந்தால் வழியில் அந்த வரியும் வந்து ஒட்டியிருக்கும். அனுப்பாததால் பெயர் மட்டும் தனியாக இருந்தது. ஏன் அனுப்பவில்லை? அனுப்பினால் நான் பொய் சொன்னது இரண்டு பேருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துவிடும் என்றா? திட்டியிருக்கலாமே, பாவி. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அன்றைக்கே செய்திருப்பேனே.

திறந்து பார்த்தேன். நீ சொன்ன இடத்திலேயே இருந்தது டிக். போட்டேன். உன் பதவியை அழித்தேன். மறுநாள் காலை ஏழு பத்துக்கு வந்த மெயிலில் வரி இல்லை. அந்த மெயில் என் ஒருத்திக்கு மட்டும்தான் வரும். உன் நைனாவுக்குப் போகாது, மெஷின்காரர்களுக்குப் போகாது. யாருக்குத் தெரிய வேண்டுமோ அவர்கள் யாருக்கும் இனித் தெரியாது. இன்று மாலை கணக்கை நீக்கிவிடுவேன். அதோடு நீ ஏற்பாடு செய்த நகலும் நின்றுவிடும். அதை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று மேலாளரிடம் கேட்டேன், தேவையில்லை என்று நீங்களே சொன்னீர்களே என்றார்.

திங்கட்கிழமையிலிருந்து என் பெயருக்குக் கீழேயும் ஒன்றுமில்லை. வேலையை விட்டுவிட்டீர்களா, என்ன ஆச்சு மேடம் என்று ஆளாளுக்குப் போன். பதில் சொல்லி மாளவில்லை. உன் பாரத்தில் கால்வாசிகூட இது ஆகாது என்று தெரிந்துதான் செய்கிறேன். மேலாளரும் கேட்டார். சிஸ்டம் ஒத்துக்கல சார் என்றேன். வாய் தானாகச் சொன்னது. அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அவருக்குத் தெரியாது, நம்பினார். நீ மறுநாளே தெரிந்துகொண்டவள். தெரிந்துகொண்டே நாலு மாதம், தினமும் போன் போட்டு, ‘இன்னாடி, துன்னியா?’ என்று கேட்டிருக்கிறாய். நானும் துன்னுட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.