கனகா அக்கா, நாளைக்கு உன் நடை தொம்மலூருக்கு வருகிறது

ஊருக்கே கேட்கிற மாதிரி சிரிக்கிற என் கனகா அக்காவுக்கு,

சரோஜா எழுதுகிறேன். உனக்கு நான் எழுதுகிற முதல் கடிதம் இது. நீ இருந்தபோது எழுத என்ன இருந்தது? மதில் சுவருக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான். ஒரு குரல் கொடுத்தால் போதும். இப்போது குரல் கொடுத்தால் எட்டாது என்பதால் பேனாவை எடுத்திருக்கிறேன். ஐந்தாவதோடு நின்ற எழுத்து, கோணல்மாணலாகத்தான் இருக்கும். இதை டைப் பண்ணி நாலு பேர் படிக்கிற இடத்தில் போடுகிறேன் என்கிறான் என் பேரன் தினேஷ். பிழை இருந்தால் திருத்துடா, விஷயத்தில் கை வைக்காதே என்று சொல்லிவிட்டேன்.

காலையிலிருந்து வேலையே ஓடவில்லை அக்கா. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. நம்ம தொம்மலூர்த் தெருக்கோடி கல்யாண மண்டபத்தில், சாப்பாட்டு ஹாலில் வெள்ளைத் துணி கட்டி, என் பேரன் நடித்த படத்தைப் போடுகிறார்கள். தெருவே வரும். வந்து என்ன பண்ணும்? சிரிக்குமா? சிரித்தால், அது எந்தச் சிரிப்பு?

தினேஷைப் பற்றி உனக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தனக்குப் பெண் பார்க்க வேண்டாம், தன் மனசு ஆண்கள் பக்கம்தான் என்று அவன் என்னிடம் அழுதுகொண்டே சொன்ன அன்றைக்கு, நான் செருப்புக்கூடப் போடாமல் உன்னிடம்தான் ஓடி வந்தேன். நீ அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாய். முறத்திலிருந்து தலையே தூக்கவில்லை. “இதச் சொல்லவா இப்படி மூச்சு வாங்க வந்தே? எனக்கு அவன் பள்ளிக்கூடம் போறப்பவே தெரியும்டி. அழுத புள்ளைக்கு மொதல்ல சோத்தப் போடு, போ” என்றாய். நான் போய்ச் சோறு போட்டேன். வேறு யார் என்னிடம் அப்படிச் சொல்லியிருப்பார்கள்?

தினேஷுக்குப் பிடித்த பிரவீனை நீ பார்க்கவில்லை. நீ போன பிறகு வந்தவன். துமகூரு பக்கத்துப் பையன், பாதி தமிழ், பாதி கன்னடம், அவனுக்கும் நான் பாட்டிதான், அஜ்ஜி என்று கூப்பிடுவான். அவனும் தினேஷும் ஈஜிபுராவில் ஒரு மாடி வீட்டில் சேர்ந்து இருக்கிறார்கள். படத்தை எடுத்தவன் அவன்தான். கதையும் அவனுடையது.

கதையைக் கேள். ஒரு பையனுக்கு வீட்டில் கல்யாணம் பேசி முடிக்கிறார்கள். அவனோ தன் ஆபீசில் வேலை செய்கிற இன்னொரு பையனை விரும்புகிறான். வீட்டில் சொல்ல தைரியம் இல்லை. கல்யாணத்தைக் கெடுக்க, ஒரு கூட்டாளிக்குப் புடவை கட்டிவிட்டு, கோலாரிலிருந்து வந்த அத்தை என்று கூட்டி வருகிறார்கள். அத்தை பெண் வீட்டுக்குப் போய் காபி சரியில்லை, சோபா சரியில்லை, ஜாதகமே சரியில்லை என்று ஆரம்பிக்க, பெண்ணின் தாய்மாமனுக்கு அத்தை மேலேயே ஆசை வந்துவிடுகிறது. முழம் மல்லிகையோடு துரத்துகிறார். கல்யாணப் பெண்ணுக்கும் இதில் இஷ்டமில்லை, அவள் ஒரு பக்கம் சுவர் ஏறிக் குதிக்கிறாள். கடைசியில் மண்டபத்தில் கரண்ட் போய்விடுகிறது. திரும்பி வரும்போது பார்த்தால் மாலை இரண்டும் அந்த இரண்டு பையன்கள் கழுத்தில். ஐயர் கடிகாரத்தைப் பார்த்து, “முகூர்த்தம் முடிஞ்சுடுத்து, இனிமே என்னைக் கேக்காதீங்கோ” என்கிறார்.

அந்த அத்தைதான் நம்ம தினேஷ். ஜிகினா புடவை, கழுத்து கொள்ளாத பாசிமணி, இமையில் பச்சை மை. இவ்வளவு வேண்டுமாடா என்று நான் கேட்டதற்கு, “ஓவராத்தான் இருக்கணும் அஜ்ஜி, ஓவர் ஆனாதான் மஜா” என்றான் பிரவீன்.

போன வாரம் கோரமங்களாவில் ஒரு சின்ன ஹாலில் முதல் தடவை போட்டார்கள். முழுக்க ஆபீஸ் பிள்ளைகள். நான் துணைக்கு உன் மகள் வசந்தாவைக் கூட்டிப் போனேன். அவள் தையல் மெஷினை விட்டு எங்கேயும் வருவதில்லை இப்போதெல்லாம். நீ போனதிலிருந்து புருஷனோடு உன் வீட்டில்தான் இருக்கிறாள், சிரித்து நான் பார்த்ததில்லை. வெளியே வந்தால் நல்லது என்று நினைத்தேன். தினேஷ் என்ன செய்து வைத்திருக்கிறான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

திரையில் கதவு திறந்தது. அத்தை உள்ளே வந்தாள். அக்கா, அது நீ.

வலது கை கொசுவத்தைத் தூக்கிப் பிடித்திருக்கிறது, இடது கை கூட்டத்தை விலக்குகிற மாதிரி வீசுகிறது, இடுப்பு முன்னாடி போக ஆள் பின்னாடி வருகிறாள். “யாரும் எழுந்துக்க வேணாம், நானே நிக்கறேன்” என்று சொல்லிவிட்டு, வீட்டிலேயே நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தாள். ஹாலே வெடித்தது. நானும் சிரித்தேன். அப்புறம்தான் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறாள் என்ற ஞாபகம் வந்து, திரும்பிப் பார்த்தேன்.

வசந்தா துப்பட்டாவால் வாயை மூடியிருந்தாள். இருட்டில் தோள் குலுங்கியது மட்டும் தெரிந்தது. அழுகிறாள் என்று நினைத்தேன். தாய்மாமன் மல்லிகையோடு துரத்த, அத்தை கட்டிலுக்கு அடியில் போய் மாட்டிக்கொள்கிற இடத்தில் அவள் எழுந்தாள். கைப்பையைப் பின்பக்கமாகப் பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாள். பெற்ற தாயைப் பார்த்து இத்தனை பேர் சிரித்தால் எந்தப் பெண்தான் உட்கார்ந்திருப்பாள்?

அதற்குப் பிறகுதான் இன்னொன்று. படத்தில் ஒரே ஒரு இடத்தில் கேலி கிடையாது. பஸ் ஸ்டாப்பில் அந்த இரண்டு பையன்களும் நிற்கிறார்கள். ஒருத்தன் “பயமா இருக்குடா” என்கிறான். மற்றவன் “எனக்கும்தான்” என்று கையைப் பிடித்துக்கொள்கிறான். அவ்வளவுதான். என் பின்னாடி யாரோ இரண்டு பேர் களுக்கென்று சிரித்தார்கள். “அய்யே” என்றது ஒரு குரல். சுவரோரமாக நின்றிருந்த தினேஷ் தரையைப் பார்த்தான். படித்த பிள்ளைகள் நடுவிலேயே இப்படி என்றால், நம்ம தெருவில்?

படம் முடிந்து வெளியே வந்ததும், “வசந்தா அத்தை எங்க ஆயா?” என்று கேட்டான். முகத்தில் அந்தப் பச்சை மைக்காரியின் சாயலே இல்லை. நான் வாசலைக் காட்டினேன். “போயிட்டாங்களா? பாதியிலயா?” என்றான். பிரவீன் ஓடி வந்து “ஏனாயித்து அஜ்ஜி, என்ன ஆச்சு?” என்றான். “தொம்மலூர்ல போட வேணாம்டா. அவங்களே எழுந்து போயிட்டாங்க, தெரு உக்காருமா?” என்றான் தினேஷ்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, குழாயடியில் அவன் உன்னைப் போல நடந்து காட்டிய நாள்? குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அப்படியே உன் நடை. நான் கையை ஓங்கினேன். நீ என் கையைப் பிடித்தாய். “அடிக்காதடி. டேய், இடுப்பு பத்தல, இன்னும் ஆட்டு. இது கனகா இல்ல, கனகாவோட நாத்தனார்” என்றாய். அவன் திரும்ப நடந்தான். நீ கொசுவத்தை எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக்கொடுத்தாய். அப்படியென்றால் இது கிண்டலா, நீ கொடுத்ததா? வசந்தா அப்போது பொம்மனஹள்ளியில் மாமியார் வீட்டில் இருந்தாள். அவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? இப்போது போய்ச் சொன்னால் சாக்கு சொல்கிறேன் என்று நினைக்க மாட்டாளா?

படம் பார்த்த அன்றைக்கு வசந்தா மூடிய கதவு, நேற்று வரை திறக்கவில்லை அக்கா. நான் மதிலோரம் வந்தால் மெஷின் சத்தம் நின்றுவிடும். பருப்பு வடை சுட்டு அனுப்பினேன். கிண்ணம் கழுவித் திரும்பி வந்தது, வெறும் கிண்ணமாக. ஒரு பிடி சர்க்கரைகூட இல்லாமல். வெறும் கிண்ணத்தைத் திருப்பி அனுப்புகிறவளா உன் பெண்? மண்டபக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன் என்று தினேஷ் போன் பண்ணினான். ஒரு நாள் பொறுடா என்றேன்.

இன்றைக்குக் காலையில் போய்க் கதவைத் தட்டிவிட்டேன்.

“என்ன சித்தி” என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“கோவமாடி?”

“எனக்கென்ன கோவம்.”

“அப்போ பாதியில ஏன் எழுந்து போனே?”

“அது... ஜூஸ் கொட்டிடுச்சு சித்தி.”

“எந்த ஜூஸ்? அங்க தண்ணிகூடக் குடுக்கலையேடி.”

அவள் முகம் சிவந்தது. நான் அவளைப் பார்த்தேன். கைப்பையைப் பின்பக்கமாகப் பிடித்தது ஞாபகம் வந்தது. அக்கா, எனக்குப் புரிந்துவிட்டது. கண்டோன்மென்ட் பக்கத்துத் தியேட்டரில் மாட்டினி பார்க்கப் போய், அந்த நகைச்சுவைக்காரர் வேட்டி கதவிடுக்கில் மாட்டிய இடத்தில் நீ சிரித்துச் சிரித்து, என் தோளைப் பிடித்து, “சரோ, போச்சுடி, எல்லாம் போச்சு” என்றாயே! வாசலில் டிக்கெட் கிழிக்கிறவர் உன் புடவையைப் பார்க்க, நீ தலையை நிமிர்த்தி, “சோடா கொட்டிடுச்சு” என்றாய். “இன்னைக்கு சோடா வண்டியே வரலையேம்மா” என்றார் அவர். வீடு வரைக்கும் நான் உனக்குப் பின்னாடி ஒட்டிக்கொண்டே நடந்தேன்.

இதை நான் சொல்லச் சொல்ல வசந்தா தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை. “எங்கம்மா உள்ள வந்தாங்க சித்தி” என்றாள். “யாரும் எழுந்துக்க வேணாம்னு சொன்னாங்க பாரு, அதுக்கப்புறம் என்னால அடக்கவே முடியல. அவங்க போனதுலேருந்து உள்ளேயே கெடந்தது எல்லாம் ஒரேயடியா வந்துடுச்சு. கண்ணுலயும் வந்துடுச்சு, கீழயும் வந்துடுச்சு. துப்பட்டாவ மடிச்சுப் போட்டு ஆட்டோல உக்காந்து வந்தேன். ஒன் மூஞ்சில எப்படி முழிக்கறது?”

“அந்தக் கிண்ணம்?”

“வெக்கத்துல கையே ஓடல சித்தி. விடு.”

குழாயடிக் கதையையும் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அவன்கிட்ட சொல்லு, கைதட்டல் மட்டும் தப்பு. அம்மா தட்டி முடிச்சு கடைசியா தொடையில ஒண்ணு வைப்பாங்க” என்றாள். இதையெல்லாம் கடிதத்தில் எழுதலாமா என்று கேட்டேன். “எழுது. அம்மா இருந்தா மைக்லயே சொல்லியிருப்பாங்க” என்றாள்.

அப்புறம் பஸ் ஸ்டாப் விஷயத்தைச் சொன்னேன். அவள் அதைப் பார்க்கவில்லை, அதற்குள் போய்விட்டாளே. கேட்டதும் முகம் மாறியது. “யாரு சிரிச்சது?” என்றாள். அச்சு அசல் நீ. தியேட்டரில் யாராவது அழுகிற இடத்தில் விசில் அடித்தால் நீ எழுந்து நின்று பின்னாடி திரும்புவாயே, “யாருடா அது? உங்க வீட்ல யாரும் அழுததே இல்லையா?” என்று. அதற்குப் பிறகு விசில் வராது.

ஆனால் வசந்தா எனக்குப் பொய் தைரியம் சொல்லவில்லை. “நம்ம தெரு சிரிக்கும் சித்தி. எங்க வீட்டுக்காரரே சிரிச்சாலும் சிரிப்பாரு. ஒண்ணும் ஆகாதுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா படத்த நிறுத்த வேணாம். முன்வரிசைய நீ பாத்துக்கோ. பின்வரிசை என்னுது” என்றாள்.

அங்கிருந்தே தினேஷுக்குப் போன் பண்ணி எல்லாம் சொன்னேன். சோடாவையும்தான். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம், “சரி ஆயா, போடலாம். நீ மட்டும் நான் பாக்கற எடத்துல உக்காரு” என்றான்.

இப்போது மத்தியானம். மண்டபத்தில் நாற்காலி இறக்குகிற சத்தம் இங்கே வரைக்கும் கேட்கிறது. ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருக்கிறேன். பூக்காரம்மா “என்னா படம்மா?” என்று கேட்டாள். “கல்யாணப் படம், என் பேரன்தான் நடிச்சிருக்கான்” என்றேன். பொய் இல்லையே? வருகிறேன் என்றாள். வந்து எந்த இடத்தில் சிரிப்பாள்? எந்த இடத்தில் எழுந்து போவாள்? போகிறவர்கள் எல்லாருக்கும் புடவைதான் நனைந்திருக்கும் என்று நான் எப்படி நினைப்பது? நாளன்றைக்குக் காலையில் பால் வாங்கப் போகும்போது யார் என்னிடம் பேசுவார்கள், யார் பேசமாட்டார்கள்? பெருமையும் பயமும் ஒரே இடத்தில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கின்றன அக்கா.

ஆனாலும் உனக்கு வாக்கு கொடுக்கிறேன். நாளைக்கு நீ கதவைத் திறந்து உள்ளே வரும்போது, யார் சிரித்தாலும் சிரிக்காவிட்டாலும், முதல் சிரிப்பு என்னுடையதாக இருக்கும். தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி சிரிக்கிறேன். பஸ் ஸ்டாப்பில் அந்தப் பிள்ளைகள் கையைப் பிடிக்கும்போது யாராவது களுக்கென்றால், முட்டி வலியைப் பார்க்காமல் எழுந்து திரும்பி நிற்கிறேன். குரல் நடுங்கும். நடுங்கினாலும் கேட்பேன், உன் கேள்வியையே கேட்பேன். எனக்குப் பின்னாடி உன் பெண் நிற்பாள்.

பையில் இரண்டு மாற்றுப் புடவை எடுத்து வைத்திருக்கிறேன். ஒன்று எனக்கு, ஒன்று வசந்தாவுக்கு.

மதிலுக்கு இந்தப் பக்கத்திலேயே இருக்கிற உன் தங்கை,
தினேஷின் ஆயா,
சரோஜா