தரையோட சேத்து ஒட்டின அலமாரி

அப்பா,

தின்னர் வாசனை கைய விட்டுப் போவவே மாட்டேங்குது. சோப்பு போட்டாச்சு, புளி போட்டுத் தேச்சாச்சு. சோத்த அள்ளி வாய்க்கிட்ட கொண்டு போனா அதுதான் மொதல்ல வருது. அது வந்தா பின்னாடியே நீயும் வர. பொங்கலுக்கு மொத நாளு, லுங்கிய மடிச்சுக் கட்டிக்கிட்டு, கையில பாதி பெயிண்டு டப்பாவோட.

"கதவுக்கு அடிச்சது மீந்து போச்சு. வீணாப் போவாம அலமாரிக்கு அடிச்சிடலாம்."

வருசா வருசம் இதே கதை. ஒன்னோட தாத்தா நல்லூர்ல இருந்து மாட்டு வண்டியில ஏத்தியாந்த தேக்கு அலமாரின்னு வர்றவங்க போறவங்க கிட்டல்லாம் பெரும பேசுவ. பேசிட்டு அது மேலயே எனாமல் பெயிண்ட அப்புவ. இப்ப உப்புத்தாள வெச்சு நான் சுரண்டிக்கிட்டு இருக்கறேன். மேல கிரீமு. அதுக்குக் கீழ பச்சை. அதுக்கும் கீழ நீலம். நீலம் அடிச்ச வருசம் காயறதுக்கு முன்னாடி நான் போய் சாஞ்சு, புதுப் பாவாடை சட்டையெல்லாம் முதுகுல நீலமாயி, அம்மா ஒன்னப் புடிச்சு வாங்கின வாங்கு தெருவுக்கே கேட்டுச்சு. நீ என்ன சொன்ன? "பாரு, அலமாரிக்கும் பொங்கல், பாப்பாவுக்கும் பொங்கல்." அம்மா கரண்டிய எடுத்துக்கிட்டு வந்தாங்க.

மூணு வாரமா சுரண்டி இப்பதான் மரம் தெரியுது. அழகாதான் இருக்குது, ஒத்துக்கறேன். ஆனா ஆசைப்பட்டு இதச் செய்யலப்பா. ஊர விட்டுப் போறதுக்காகச் செய்யறேன்.

காலேஜ நான் நிறுத்துனது ஒனக்குத் தெரியும். ஃபெயிலாவல. உக்கார முடியல, அவ்ளோதான். நீ கத்துவேன்னு பாத்தேன். "சரி, டீ போடு"ன்ன. அந்த டீயோட வூட்ல உக்காந்தவதான். நீ கண்ண மூடினதுக்கு அப்புறம் சுத்தமா மாட்டிக்கிட்டேன். நாலு பக்கமும் ரயிலு போவுற ஊரு நம்மளுது. மெட்ராசு, திருச்சி, சேலம், கடலூர்னு காலையில இருந்து ஒலிபெருக்கியில கூப்புட்டுக்கிட்டே இருக்காங்க, அடுப்படி வரைக்கும் கேக்குது. எல்லா ஊருக்கும் கூப்புடறாங்க, நான் காய்கறி வாங்க பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போறேன். கூடப் படிச்ச கவிதா ஓசூர்ல ஒரு கம்பெனில இருக்கா. ஹாஸ்டல் குடுக்கறாங்க, சேர்ந்துக்கன்னா. அம்மாகிட்ட சொன்னேன்.

"தாராளமாப் போ. ஆனா இந்த வூட்ல நான் ஒண்டியா இருக்க மாட்டேன். முன்பக்கத்த சரி பண்ணி யாரையாவது குடி வெச்சிட்டுப் போ."

சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. எவ பண்ணப் போறான்னு நெனச்சிருப்பாங்க. எனக்கு ரோசம் வந்துடுச்சு.

நம்ம வூடு ஒனக்குத் தெரியுமே, ஒண்ணத் தொட்டா ஒன்பது உதிரும். ஒழுவற ஓட்ட மாத்தலாம்னு ஏறினா ஓட்டத் தாங்கற ரீப்பருக் கட்ட செல்லரிச்சுக் கெடக்குது. கரண்டு ஒயர மாத்தலாம்னு சொவத்துல ஆணி அடிச்சா ஒரு முறம் அளவுக்கு காரை பேந்து விழுது. கையில காசு கெடையாது. இடிச்ச வூட்டுப் பழைய ஓடா தேடி சேத்தியாத்தோப்பு வரைக்கும் போய் வாங்கியாந்தேன். சுண்ணாம்பு நானே அடிச்சேன். குடி வர்றவங்க கண்ணுக்கு லட்சணமா இருக்கட்டும்னு அலமாரியையும் சுரண்ட ஆரம்பிச்சேன். அம்மா ஏணியப் புடிச்சுக்கிட்டு, "பொண்ணு பாக்க வர்றவங்களுக்குக் கூட இந்த வூடு இவ்ளோ வெள்ளையா இருந்ததில்ல"ன்னாங்க.

ஒரு ரயில்வேக்காரர் சம்சாரம் வந்து பாத்தாங்க. எல்லாம் புடிச்சிடுச்சு. அலமாரியப் பாத்ததும் நின்னுட்டாங்க.

"இந்த எடத்துலதாங்க எங்க கட்டில் போடணும். இத மட்டும் எடுத்துட்டீங்கன்னா நாங்க ஒண்ணாந்தேதியே வந்துடறோம்."

அம்மா ஒடனே, "அது நவுராதுங்க"ன்னாங்க. பெருமையா சொன்னாங்கப்பா. அந்த மொகத்தப் பாத்தேன்.

ஏன் நவுராது? நீ பண்ண வேல. நீ வேல பாத்த பீங்கான் கம்பெனில வளைஞ்சு போச்சுன்னு கழிச்சுப் போட்ட டைல்ஸ சைக்கிள்ல கொஞ்சம் கொஞ்சமா கொண்டாந்து சேத்து வெச்ச. எந்த ரெண்டும் ஒரே வெள்ளை கெடையாது. கூடத்துக்கு ஒட்டும்போது அலமாரிய நவுத்த ஆளு கெடைக்கல. ஆளு வர்ற வரைக்கும் பொறுக்கவும் ஒனக்குத் தெரியாது. தரையில குப்புறப் படுத்து, அலமாரி அடியில கைய வுட்டு, நாலு காலையும் சுத்திச் சிமெண்ட்டப் போட்டு ஒட்டிட்ட. பாதி காலு உள்ள போயிடுச்சு. நான் கேட்டேன், "அப்பா, நாளைக்கி இத எப்பிடி எடுக்கறது?"

"அது எங்க போவப் போவுது? நாம எங்க போவப் போறோம்?"

அன்னிக்கி சிரிச்சேன். போன மாசம் அதே தரையில உக்காந்து அந்த வார்த்தைய நெனச்சப்ப ஒன்மேல வந்த கோவம் கொஞ்சநஞ்சமில்ல. அலமாரிய மட்டுமா ஒட்டின?

ஆசாரியக் கூட்டியாந்தேன், கால அறுத்துடலாம்னு. அம்மா வாசப்படியில உக்காந்துக்கிட்டாங்க, எழுந்துக்கவே இல்ல. ஆசாரி அண்ணன் வாளுக்கு எடம் வேணும்னு கடப்பாரைய அடியில குடுத்து லேசா ஒரு நெம்பு நெம்பினாரு. அவ்ளோதான். அலமாரி பொசுக்குனு ஒரு பக்கமா தூக்கிக்கிச்சு. அவரு பயந்து பின்னாடி தாவினாரு.

"பாப்பா, கீழ ஒண்ணுமே இல்ல."

"காலு எங்கண்ணா?"

"அலமாரிதான் தேக்கு. காலு எவனோ வேற மரத்துல போட்டிருக்கான். புதைஞ்சது பூரா தூளாயிடுச்சு." குழிக்குள்ள வெரல வுட்டு ஒரு சிட்டிக எடுத்துக் காட்டினாரு, ஈரமான காப்பித்தூளாட்டம். "தெனம் தண்ணி ஊத்திக் கழுவுவீங்களா? அதான். இத்தன வருசம் எதுவும் புடிச்சு வெக்கல. சும்மாதான் நின்னுட்டு இருந்திருக்குது."

நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். தெனம் கழுவினது யாரு? அம்மாதான். திரும்பிப் பாத்தேன். அம்மா சிரிக்கல. எழுந்து உள்ள போயிட்டாங்க. அடுப்படியில இருந்து சத்தம் மட்டும் வந்துச்சு.

"அப்ப நீ போயிடுவ."

நான் குழியில கெடந்த தூளக் கூட்டி அள்ள ஆரம்பிச்சேன்.

அலமாரிய பின்னாடி ரூம்புக்குத் தள்ளியாச்சு. மிச்சக் கால சமமா அறுத்து, கம்பெனியில இருந்து நீ கொண்டாந்து போட்ட பீங்கான் கிண்ணி நாலு கெடந்துச்சே, அதுங்க மேல நிக்க வெச்சிருக்கறோம். கூடத்துல நாலு குழி மட்டும் மிச்சம். சிமெண்ட்டு கலந்து நானே அடச்சேன். மூணு மறுநாளே காஞ்சிடுச்சு. அடுப்படி பக்கத்துல இருக்கற நாலாவது குழி, காலையில பாத்தா நடுவுல பள்ளமா இருக்குது.

"பூனை மிதிச்சிருக்கும்"னாங்க அம்மா.

பூனைக்குக் கட்டவெரலு எப்பப்பா மொளச்சுது?

சுரண்டி எடுத்துட்டுத் திரும்ப அடச்சேன். மறுநாளும் பூனை. ரயில்வேக்காரர் சம்சாரம் போன் பண்ணாங்க. அம்மா எடுத்து, "தரை இன்னும் காயலம்மா, காஞ்சதும் நானே சொல்றேன்"னு தேனாட்டம் பேசினாங்க. நான் பக்கத்துலதான் நின்னேன்.

மூணாவது தடவ அடச்சிட்டு மேல பக்கெட்டக் கவுத்து வெச்சேன். இன்னிக்கி மத்தியானம் பக்கெட்ட எடுத்தேன். பாத்தா காஞ்ச மாதிரிதான் இருந்துச்சு. கையால தொட்டா எனக்கு நம்பிக்க வராது. அது ஒன் பழக்கம்.

ஒனக்குச் சோறு கொண்டாந்து குடுக்க கம்பெனிக்கு வருவேனே, அப்ப பாத்திருக்கறேன். காயப் போட்ட பொம்மைய எடுத்துக் கன்னத்துல வெச்சுப் பாப்ப. ஜில்லுனு இருந்தா உள்ள ஈரம், சூளையில வெச்சா வெடிச்சிடும்னு கீழ வெச்சிடுவ. வூட்லயும் அதேதான். மழக்காலத்துல என் யூனிபார்ம கொடியில இருந்து எடுத்துக் கன்னத்துல வெப்ப. எனக்கு ஸ்கூலுக்குப் போவப் புடிக்காத நாளு எதுன்னு ஒனக்கு எப்பிடியோ தெரியும். அன்னிக்கி அது மொறமொறன்னு காஞ்சிருக்கும். நீ கன்னத்துல வெச்சுக்கிட்டே அம்மாவப் பாத்துச் சொல்லுவ, "இன்னும் ஈரமாத்தான் இருக்குது." அம்மா சட்டையையும் பாப்பாங்க, ஒன்னையும் பாப்பாங்க, "அப்ப கெடக்கட்டும்"னுட்டு தோசை ஊத்தப் போயிடுவாங்க.

நானும் குப்புறப் படுத்தேன், நீ டைல்ஸ் ஒட்டின மாதிரியே. கன்னத்தக் குழி மேல வெச்சேன். வெளிய சேலம் வண்டிக்குக் கூப்புட்டாங்க. ஜில்லுனு இல்ல. கொஞ்சங்கூட இல்ல. கல்லு மாதிரி காஞ்சிடுச்சு.

அடுப்படி வாசல்ல அம்மா வந்து நின்னாங்க. என்னப் பாக்கல, சொவத்துல அடிச்ச சுண்ணாம்பப் பாத்துக்கிட்டு கேட்டாங்க.

"காஞ்சிடுச்சா?"

"இன்னும் ஈரமாத்தாம்மா இருக்குது."

அம்மா தரையப் பாத்தாங்க. என்னப் பாத்தாங்க.

"அப்ப கெடக்கட்டும். எழுந்து வந்து சாப்புடு."

பை ரெடியாத்தான் இருக்குதுப்பா, கதவுக்குப் பின்னாடி. கவிதா திங்கக்கெழமைக்குள்ள வந்துடுன்னு சொல்லியிருக்கா. நான் போவேன். நாளைக்கோ நாளன்னிக்கோ காஞ்சிடுச்சுன்னு நானேதான் சொல்லணும், வேற யாரும் சொல்லப் போறதில்ல. இப்ப சாப்ட்டு வந்து இத எழுதறேன். தின்னர் வாசனை போவல. கன்னத்துல சிமெண்ட்டுத் தூளு ஒட்டியிருக்குது, இன்னும் தொடைக்கல.