புளியமரத்தைத் தாண்டி

அம்மா,

உன் மரத்தை வெட்டிவிட்டார்கள்.

சாலையை அகலப்படுத்துகிறார்கள். கச்சிராயபாளையத்திலிருந்து நம் ஊருக்கு வரும் வழியில், ஒரு பக்கத்துப் புளியமரங்கள் எல்லாம் போய்விட்டன. நான் வந்த டவுன் பஸ்ஸை அங்கே நிறுத்தி வைத்திருந்தார்கள். ஜன்னல் வழியாகப் பச்சைக் கட்டையின் புளித்த வாடை வந்தது. வெளியே மரம் அறுப்பவர் இயந்திர ரம்பத்தை அணைத்துவிட்டுத் திட்டிக்கொண்டிருந்தார்.

"மரமா இது, ஆணிக் கடையா? இன்னொரு செயினும் போச்சி."

நான் இறங்கிப் போய் அந்த ஆணிகளைக் கேட்டேன்.

"இன்னாத்துக்கும்மா உனுக்கு? பேய் ஓட்டி அடிச்ச ஆணி இது. வூட்ல பெரியவங்கள ஒரு வார்த்த கேட்டுக்கினு வா."

"வூட்டுப் பெரியவரு அடிக்கச் சொன்னதுதாண்ணே. குடுங்க."

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு ஒரு பாலிதீன் பையில் போட்டுக் கொடுத்தார். ஆணியோடு வைத்து அடித்த முடி எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. துரு மட்டும்தான். அவற்றில் உன் ஆணி எது என்று எனக்குத் தெரியவில்லை.

தம்பி பிறந்து சில நாட்களிலேயே போனபிறகு நீ தூங்குவதை நிறுத்தினாய். உலை கொதித்து வற்றும். நீ அரிசியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாய். தொட்டில் கட்டியிருந்த உத்தரத்தைப் பார்த்துப் பேசுவாய். அப்பாவின் அண்ணன் சொல்தான் வீட்டில் சட்டம். "காத்து கருப்பு அண்டிக்கினு கீது. வெளிய தெரிஞ்சா மானம் பூடும்" என்றார் பெரியப்பா. அண்ணன் சொன்னால் சரி என்றார் அப்பா.

உடுக்கைக்காரர் வந்தார். உன் தலையை அவிழ்த்து நடுவில் உட்கார வைத்தார்கள். வேப்பிலையால் அடித்து, "போறியா, போறியா" என்று கேட்டார்கள். கடைசியில் நீ "போறேன்" என்றாய். விட்டால் போதும் என்று நீ அப்போது எதை வேண்டுமானாலும் சொல்லியிருப்பாய். உச்சிமுடியைக் கற்றையாகப் பிடித்து அறுத்து, சாலையோரப் புளியமரத்தில் வைத்து ஆணி அடித்தார்கள்.

மறுநாள் நீ பேசாமல் மூலையில் உட்கார்ந்திருந்தாய். "அடங்கிட்டா" என்று வீடே மகிழ்ந்தது. ஆடு அடித்து விருந்து வைத்தார்கள். சாப்பிட்டாயா என்று உன்னை யாரும் கேட்கவில்லை. உச்சியில் வெறுமையாகிப்போன இடத்தை முந்தானையால் மூடிக்கொண்டு, நீ என்னிடம் மட்டும் கேட்டாய்.

"வெளிய தெரியுதா பாப்பா?"

"தெரியலம்மா" என்றேன். ஒன்பதாம் வகுப்புப் பெண் தன் அம்மாவிடம் வேறு என்ன சொல்வாள்.

ஆணி அடித்த மரத்தை அந்த ஆள் மறுபடி தாண்டக் கூடாது. தாண்டினால் இறக்கி வைத்தது திரும்ப ஏறிக்கொள்ளும். இது அவர்களுடைய நம்பிக்கை. நம் ஊருக்கு இருப்பதோ ஒரே தார்ச்சாலை. பின்னால் மலை. முன்னால் அந்த மரம். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி மரத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. சாலையில் தினமும் டவுன் பஸ் ஓடிக்கொண்டிருக்க, அவர்கள் ஓர் ஆணியால் உனக்கு மட்டும் வழியை அடைத்துவிட்டார்கள்.

தடுப்பூசி போட வரும் நர்ஸ் அக்கா உன்னைப் பார்த்துவிட்டுப் பெரியப்பாவிடம் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

"புள்ள பெத்தவங்களுக்கு இது வர்றதுதாங்க. புதன்கிழமைல கள்ளக்குறிச்சிக்கு மனசு டாக்டர் வராங்க. மாத்திர குடுத்தா தேறிடுவாங்க."

"அந்த மரத்தத் தாண்டி எப்டிமா இட்டுக்கினு போறது? நீ படிச்சவ. உனுக்கு இதெல்லாம் தெரியாது."

பிறகு நீ சாப்பிடுவதையும் நிறுத்தினாய். ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டது. அப்போதும் சாலை வழியாகப் போக விடவில்லை. மரத்தைத் தவிர்க்க, டிராக்டரில் உன்னைக் கிடத்தி வாய்க்கால் கரை வழியாக ஓட்டினார்கள். கரைச் சேற்றில் சக்கரம் புதைந்தது. உன் தலை என் மடியில் இருந்தது. கரும்புக்கு அந்தப் பக்கம், தார்ச்சாலையில் டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போய் முடிவதற்குள் நீயும் போய்விட்டாய்.

கல்லூரி நூலகத்தில் அலமாரிகளுக்கு நடுவே நின்றபடி உன் நோயைப் பற்றிப் படித்தேன். அதற்குப் பெயர் இருந்தது, மருந்து இருந்தது. பிரசவித்த பெண்களிடம் சாதாரணமாகக் காணப்படுவது என்று எழுதியிருந்தது. 'சாதாரணமாக' என்ற சொல்லில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். அன்று எனக்கு அழுகை வரவில்லை. பெரியப்பாவின் முகம்தான் வந்தது.

நான் அதிகம் பேசாதவள். உன் அமைதியைக் குணமானதாக எடுத்துக்கொண்டவர்கள், என் அமைதியை மறந்துவிட்டதாக எடுத்துக்கொண்டார்கள். அது எனக்கு வசதியாக இருந்தது.

நர்ஸ் அக்காவைத் தேடிப் போனேன். டாக்டர் எந்தக் கிழமை வருகிறார், மாத்திரையை மாதாமாதம் நம் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே எப்படி வாங்குவது, போன் செய்து பேச வேண்டுமென்றால் யாரிடம் பேசலாம் என்று எல்லாம் அவர் சொல்லித் தந்தார். இருவருமாகக் கேட்டு, மகளிர் குழுக் கட்டடத்தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூட்டம் போட வாங்கினோம். அது பெரியப்பா வீட்டுக்கு நேர் எதிரே இருக்கிறது. வேறு இடம் கிடைக்காமல் இல்லை.

வீட்டில் மனசு சரியில்லாத ஒருவரை வைத்துக்கொண்டு திண்டாடுபவர்கள் வருகிறார்கள். மலையிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி வரும் ஒரு தம்பதி. கரும்பு வெட்டும் அஞ்சலை அக்கா. ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போனால் இன்னொருவர் துணைக்குப் போவார். அங்கே ஒரு விதி உண்டு: புதிதாக வருபவர், நோயாளிக்குத் தாங்கள் இதுவரை என்னென்ன செய்தோம் என்பதை எல்லோர் முன்னாலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னால் பாரம் குறையும் என்கிறார் நர்ஸ் அக்கா. குறையட்டும். அந்த விதியை வைத்தவள் நான். ஒருவரை மனதில் வைத்துத்தான் வைத்தேன்.

அவர் போன தை மாதம் வந்தார். கொல்லைப் பக்கமாக வந்தார்.

"பாப்பா, உங்கண்ணன் திருப்பூர்லேர்ந்து வந்ததுலேர்ந்து தூங்கறதே இல்ல. யாரோ வராங்கன்னு ஜன்னலெல்லாம் அட்டய வச்சி அடைக்கிறான். நீ மாத்திர மட்டும் வாங்கியாந்து குடு. ஊருக்குத் தெரிய வாணாம். பொண்ணு பாத்துக்கினு கீறோம்."

நான் உட்காரச் சொல்லவில்லை.

"உடுக்கைக்காரர இட்டாரலியா பெரிப்பா?"

தரையைப் பார்த்தபடி, "எம் புள்ளமா" என்றார்.

உனக்கு உடுக்கை, அவர் பிள்ளைக்கு மாத்திரை. அப்படியானால் எது மருந்து என்று அவருக்குத் தெரிந்தேதான் இருந்தது. கதவைச் சாத்தியிருக்கலாம். ஆனால் அண்ணன் என்ன பாவம் செய்தான்? நீ இறந்த அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு போட்டு அருகில் உட்கார்ந்திருந்தவன் அவன் ஒருவன்தான். எப்படியும் அவனை நான் அழைத்துப் போயிருப்பேன். அதைப் பெரியப்பாவிடம் சொல்லவில்லை.

"புதன்கிழம காலைல அண்ணன இட்டுக்கினு முன்வாசல் வழியா வாங்க. டவுன் பஸ்ல போவோம். ஞாயித்துக்கிழம குழுவுல வந்து குந்துங்க. ஒத்துக்கினா சொல்லுங்க."

ஒத்துக்கொண்டார்.

பஸ்ஸில் அந்த மரம் நெருங்கும்போது துண்டால் அண்ணனின் முகத்தை மூடினார்.

"துண்ட எடுங்க பெரிப்பா. அதுல கீறது எங்கம்மா முடி. அது உங்க புள்ளைய ஒண்ணும் பண்ணாது" என்றேன். முன் இருக்கையிலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மரம் பின்னால் போனது. அதைத் தாண்ட ஒரு மூச்சு விடும் நேரம்தான் ஆகிறதம்மா. அவ்வளவுதான் அந்தத் தூரம்.

ஞாயிற்றுக்கிழமை குழுவில் பிள்ளையைப் பற்றிச் சொன்னார். டாக்டர் பார்த்தார், இப்போது தூங்குகிறான் என்று முடித்தார்.

"அதுக்கு முன்னால பெரிப்பா?" என்றேன்.

அவருடைய கரும்பை வெட்டும் அஞ்சலை அக்காதான் வாயைத் திறந்தார். "சொல்லிடுங்கய்யா. எம் புருசன மாட்டுக் கொட்டாயில கட்டி வச்சத நானே இங்க சொல்லிட்டன். உங்களுக்கு இன்னா, கொட்டாய்கூட பெரிசு." யாரோ சிரித்து அடக்கினார்கள்.

"எந் தம்பி பொஞ்சாதிய..." என்று தொடங்கினார். "டாக்டரு கிட்ட வுடல. மரத்தத் தாண்டக் கூடாதுன்னேன். நான்தான் சொன்னேன்." பிறகு உன் பெயரைச் சொன்னார். நீ போனபிறகு அவர் வாயிலிருந்து உன் பெயரை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவர் அழுதார். தண்ணீர் கொடுத்தது அஞ்சலை அக்கா, நான் கொடுக்கவில்லை. மனம் இளகியது என்று உனக்கு எழுதலாம், பொய்யாகிவிடும். எனக்கு அது நன்றாக இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் நீடித்திருக்கலாம் என்றுகூடத் தோன்றியது. அண்ணன் பிழைத்தால் போதுமென்று அவர் எல்லார் முன்னாலும் தலைகுனிந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது, உனக்காக அன்று ஒரே ஒருவர் இப்படி உட்கார்ந்திருந்தால் என்ற எண்ணம் வந்தது. கோபம் கூடத்தான் செய்தது.

நேற்று அந்த ஆணிகளில் ஒன்றைக் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தினேன். பெரியப்பா வீட்டுக்குப் போய்ச் சுத்தியல் கேட்டேன். ஆணியைப் பார்த்தார், எதற்கு என்று கேட்காமல் எடுத்துக் கொடுத்தார். அவர் வாசலுக்கு நேரே, குழுக் கட்டடத்துச் சுவரில் அதை அடித்துப் பலகையை மாட்டினேன். 'மனசு சரியில்லையா? கள்ளக்குறிச்சிக்கு டாக்டர் புதன்கிழமை வருகிறார். துணைக்கு நாங்கள் வருகிறோம்.' இனி அவர் காலையில் கதவைத் திறந்தால் முதலில் படிப்பது அதுதான்.

மீதி ஆணிகள் என் கைப்பையில் இருக்கின்றன. பஸ் குலுங்கும்போது சாப்பாட்டு டப்பாவில் இடித்து ஓசை எழுப்புகின்றன. அந்த மரத்தில் முடியை வைத்து ஆணி அடிக்கப்பட்ட மற்றப் பெண்கள் எந்தெந்த ஊர் என்று நர்ஸ் அக்காவுக்குத் தெரியும். அந்த ஊர்களிலும் சுவர்கள் இருக்கின்றன. அவர்களைத் தடுத்தவர்களின் வாசல்களும் இருக்கின்றன.

வெளிய தெரியுதா என்று கேட்டாயே.

தெரியுதும்மா. பஸ் ஸ்டாப்பிலேர்ந்தே தெரியுது.