அண்ணாந்து குடித்த தண்ணீர்

ஓகஸ்ட் 12, வெள்ளி

நித்திரை வரவில்லை. மெட்ராஸிலிருந்து லீவில் வந்தவன், இன்று அக்கரையில் கிண்ணியாவிலுள்ள என் சிநேகிதன் றியாஸ் வீட்டுக்குப் போனேன். சின்ன வயதிலிருந்தே சோறு போட்ட அவனுடைய உம்மா தண்ணீர் தந்தார். வாய் வைக்காமல் அண்ணாந்து குடித்துவிட்டேன். மெட்ராஸ் விடுதியில் பொதுக் குவளையில் வாய் வைத்து ஏச்சு வாங்கியதால் வந்த பழக்கம்.

உம்மாவின் முகம் மாறிவிட்டது. "எங்கட கிளாசில வாய் வைக்க ஏலாதோ மகன்? முந்தி இப்பிடி இல்லையே."

"ஐயோ உம்மா, அங்க எல்லாரும் இப்பிடித்தான்."

நம்பவில்லை. தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் பார்த்துப் பயப்படுகிற இந்தச் சண்டைக்காலத்தில் எப்படி நம்புவார்? ஊரடங்குக்கு முன் கடைசிப் படகைப் பிடிக்க வேண்டும். எழும்பி வந்துவிட்டேன்.

வீட்டில் அம்மா தண்ணீர் தந்தார். கை மறுபடியும் தானாக உயர்ந்தது.

"இதென்னடா புதுப் பழக்கம்?" அம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

உம்மா சிரிக்கவில்லை.