நான் அணைத்துவிட்டுத்தான் போனேன்

புக்கிட் ரம்பாய், மலாக்கா
ஜனவரி 11, ஞாயிறு

அன்பு மகன் கோகுலராஜுக்கு,

அப்பா எழுதுகிறேன். டப்ளின் குளிரில் நீயும் மருமகள் தேவமலரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலையில் அம்மன் முன்னால் கேட்டுவிட்டுத்தான் வந்து உட்கார்ந்தேன். நான் நலம். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை, என் நலத்தைப் பற்றி என்னைத் தவிர எல்லாரும் பேசி முடித்துவிட்டதால் என் பங்குக்கு நானும் ஒரு வரி சொல்லிவைக்கிறேன். இனி விஷயம். நான் ஒவ்வொரு நாளும் ஒழுங்காக அணைத்துவிட்டுப் போன கம்ப்யூட்டரை அணைக்காமல் விட்டேன் என்று நீயும் உன் தங்கை அனுசியாவும் முடிவு கட்டினீர்கள். அதை வைத்து எனக்கு ஞாபகம் தவறுகிறது என்றீர்கள், கார் சாவியை எடுத்துக்கொண்டீர்கள், மறதிக்குப் பார்க்கிற டாக்டரிடம் என் பெயரைப் பதிந்தீர்கள், இந்த வீட்டைப் பூட்டிவிட்டு நான் புக்கிட் பெருவாங்கில் அனுசியா வீட்டுப் பின்னறைக்குப் போய்விட வேண்டும் என்று நான் இல்லாத வாட்ஸ்அப் குரூப்பில் பேசிக்கொண்டீர்கள். நான் இல்லாத குரூப் எனக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்காதே. டாக்டர் நம்பரைக் காட்டுவதற்காக அனுசியாவே போனை என் கையில் கொடுத்தாள், நம்பருக்கு மேலே இருந்ததையும் படித்தேன். கண் நன்றாகத் தெரிகிறது என்பதையும் குறித்துக்கொள். "அப்பாவுக்கு ஸ்டார்ட் ஆயிருச்சு போல" என்று எழுதியிருந்தாய். ஸ்டார்ட் ஆனது கம்ப்யூட்டர். அப்பா இல்லை.

இதைப் போனில் சொன்னால் நீ நடுவில் வேறொரு அழைப்பு வருகிறது என்பாய், குரூப்பில் எழுதினால் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போவாய், அதனால் தபாலில் அனுப்புகிறேன். கம்ப்யூட்டரிலேயே அடித்திருக்கலாம், அது இப்போது நன்றாகத்தான் இருக்கிறது. கையால் எழுதியிருப்பது, கை நடுங்குகிறதா என்று நீயே பார்த்துக்கொள்ளட்டும் என்றுதான்.

என் நடைமுறை உனக்குத் தெரியும். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு உன் பழைய அறையில் உட்கார்ந்து நகராண்மைக் கழகத்துக்கு எழுத வேண்டியதை எழுதுவேன், சாக்கடை அடைப்பைப் பற்றிப் பதினோரு கடிதம் போயிருக்கிறது, இரண்டுக்குப் பதிலும் வந்தது. ஐந்து மணிக்கு ஷட் டவுன் கொடுத்து, பெட்டிக்குள் விசிறிச் சத்தம் நின்றதும் எழுந்து, பக்கத்து வீட்டுக் குஞ்சம்மா அக்காவின் பூனை உள்ளே புகாமல் அறைக் கதவைச் சாத்திவிட்டுக் கோயிலுக்குப் போவேன். புதனும் சனியும் அனுசியா வேலை முடிந்து வந்து குழம்பு வைத்துவிட்டுப் போவாள், உன் அம்மா போனதிலிருந்து இந்த ஆறு வருடமாக அவள் அதில் ஒரு குறை வைக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். நவம்பர் கடைசியில் மழை பிடித்த பிறகு ஒரு புதன்கிழமை நான் கோயிலிலிருந்து வந்தபோது இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "என்னாப்பா இது, கம்ப்யூட்டர ஆன்லயே விட்டுட்டுப் போயிட்டீங்க, சூடு கொதிக்குது" என்றாள். அணைத்தேன் என்றேன். "சரிப்பா" என்றாள். சனிக்கிழமையும் அதே. அடுத்த புதனும் அதே. நான் அணைத்தேன் என்று சொல்லச் சொல்ல அவள் குரல் தணிந்துகொண்டே போனது, திட்டியிருந்தால் கூடப் பொறுத்திருப்பேன்.

அப்புறம் நீ போன் செய்தாய். கம்ப்யூட்டர் வேலைக்கே சம்பளம் வாங்குகிறவன், காரணம் சொல்வாய் என்று நம்பினேன். நீ கேட்ட முதல் கேள்வி, "அப்பா, ஷட் டவுனா ரீஸ்டார்ட்டா, எதப்பா அமுக்குறீங்க? ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கும்" என்பது. எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்போடு நின்றவன்தான் நான், ஆனால் இதே புக்கிட் ரம்பாய் பேக்டரியில் முப்பத்தொரு வருடம் பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானும் பக்கத்துப் பக்கத்தில் இருந்த மெஷினை ஓட்டினேன், பத்து விரலும் அப்படியே இருக்கின்றன. அந்த வரிசையில் வேலை செய்த எல்லாராலும் இதைச் சொல்ல முடியாது. போகட்டும். பிறகு நீ சொன்னதை எல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டேன். தானாகத் திரும்ப எழும் அமைப்பை எடுத்துவிடச் சொன்னாய், எடுத்தேன். சீக்கிரம் திறக்கிற வசதியை நிறுத்தச் சொன்னாய், நிறுத்தினேன். இன்டர்நெட் ஒயரைக் கழற்றச் சொன்னாய், கழற்றினேன். ஒரு நாளைக்கு ஒன்றுதான் மாற்றினேன், இரண்டை ஒன்றாக மாற்றினால் எது சரி செய்தது என்று தெரியாமல் போகும். அது நான் மெஷினிடம் கற்றது, யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒன்றிலும் பலன் இல்லை. கடைசியில் "வால்ல சுவிட்ச ஆஃப் பண்ணிருங்கப்பா, முடிஞ்சது" என்றாய். முடிஞ்சது என்றால் எனக்கும் அதுதானே முடிவு? சுவரில் அணைத்துவிட்டால் நான் மறப்பவன் என்பது அப்படியே நின்றுவிடும். அதைச் செய்ய மாட்டேன் என்றேன். பிடிவாதம் என்றாய்.

வீடியோவில் காட்டினேன், நினைவிருக்கிறதா? நீயும் பார்த்தாய், அனுசியாவும் பக்கத்தில் நின்றாள். ஷட் டவுன் கொடுத்தேன், அணைந்தது. பத்து நிமிடம் மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம், பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்டர் வந்த நாள் பையனைப் போலக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. "பாத்தீங்களாப்பா, ஒழுங்கா ஆஃப் ஆவுது" என்றாய். மறுநாள் ஐந்து மணிக்கு அணைத்துவிட்டுப் போனேன், ஆறரைக்கு வந்தபோது ஓடிக்கொண்டிருந்தது. சாவியைக் கேட்டு அனுசியா வந்தது அந்த வாரம்தான். கார் எடுத்துக்கொண்டு எங்காவது போய் வழி தெரியாமல் நின்றுவிடுவேனாம். அதனால் அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியை அரிசிப் பையில் வைத்துக் கட்டி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் மலாக்கா டவுனுக்குப் போனேன். பழுது பார்க்கும் திலீபன் இரண்டு நாள் வைத்திருந்தான். "அங்கள், ஆஃப் பண்ணா ஆஃப் ஆவுது, ஆன் பண்ணா ஆன் ஆவுது, மெஷின் ஓகே லா. வீட்டுல வேற யாராச்சும் தொடறாங்களா?" என்றான். நான் தனியாக இருக்கிறேன் என்றேன். அவனும் உங்கள் குரூப்பில் இருப்பவனைப் போல என்னைப் பார்த்தான். பழுது ஒன்றும் இல்லை என்று சீட்டு எழுதிக் கொடுத்தான். கம்ப்யூட்டருக்குக் கிடைத்த நற்சான்று எனக்கு எதிரான சாட்சியாகிவிட்டது, அனுசியா அதைப் படம் பிடித்து உனக்கு அனுப்பினாள்.

இப்போது எழுதப்போவதை நீ ஒரு முறை மட்டும் படி, பிறகு இதைப் பற்றிப் பேச வேண்டாம். பேக்டரியில் எழுதியதைப் போல ஒரு நோட்டு போட்டேன், அணைத்த நேரம், விசிறி நின்ற நேரம், கீழே என் ஒப்பம். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் 5.02 என்று எழுதி ஒப்பமிட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்தால் அது ஓடிக்கொண்டிருக்கிறது, பக்கத்தில் என் ஒப்பம் இருக்கிறது. அப்படியானால் அணைத்து, ஒப்பமிட்டு, மறுபடி நானே போட்டுவிட்டு, அதை மறந்தும் போகிறேனா? மூன்று நாள் கம்ப்யூட்டர் பக்கம் போகவில்லை. கேஸ் அடுப்பை நான்கு முறை தொட்டுப் பார்த்தேன். உன் அம்மாவின் திவசத் தேதியை எனக்கு நானே சொல்லிப் பார்த்துக்கொண்டேன். உங்கள் இருவரையும் நம்பியதால் வந்த வினை இது. அதற்கு முன்னால் நான் என்னைச் சந்தேகப்பட்டதே இல்லை.

நாலாம் நாள், போனால் போகட்டும் என்று மறுபடி உட்கார்ந்தேன். அணைத்தேன், விசிறி நின்றது, எழுந்து போகாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம் அசையவில்லை. அப்போது குஞ்சம்மா அக்கா சாம்பார்ச் சட்டியைத் திருப்பித் தர வந்தவர், அறை வாசற்படியில் நின்று "என்னா தம்பி, அணைஞ்சு போன டிவியப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்க? அனுசியா சொன்னது மெய்தானா அப்ப?" என்றார். டிவி இல்லை அக்கா, கம்ப்யூட்டர் என்றேன். "எதுவா இருந்தா என்னா, அணைஞ்சதுதானே" என்று சொல்லிவிட்டு, பூனை பின்னாலேயே வந்திருந்ததால் அதைக் காலால் தள்ளி அறைக் கதவை இழுத்துச் சாத்தினார். மழைக்கு ஊதிப்போன கதவு, ஓங்கி இழுத்தால்தான் சேரும், வீடே ஒரு முறை அதிர்ந்தது. உடனே விசிறி சுற்றியது. விளக்கு எரிந்தது. என் இரண்டு கையும் மடியில் இருந்தன, கோகுலராஜ். நான் போட்ட சத்தத்தில் அக்கா ஓடி வந்து பார்த்து "ஆத்தாடி, நான் தொடலப்பா, எனக்கு ஒன்னும் தெரியாது!" என்று கையைத் தூக்கிவிட்டார்.

அதன் பிறகு ஐந்து முறை சோதித்தோம். நான் அணைக்க வேண்டியது, அவர் வெளியே போய்க் கதவைச் சாத்த வேண்டியது. "நல்லா வேல குடுத்த லா எனக்கு, வாட்ச்மேன் ஆக்கிட்ட" என்று ஏசிக்கொண்டே சாத்தினார். ஐந்தில் நாலு முறை தானாக எழுந்தது. கதவைத் திறந்தே வைத்தால் எத்தனை நேரமானாலும் எழவில்லை. யாராவது பார்க்கும்போது கதவு திறந்திருக்கும், அப்போது அது அணைந்தே கிடக்கும். நான் கதவைச் சாத்திக்கொண்டு போனதும் எழும். திலீபன் கடையில் கதவே இல்லை. அந்தப் பெட்டி இருப்பது மேசையில் இல்லை என்பதும் உனக்குத் தெரியும், கதவு நிலைக்குப் பக்கத்தில் நீயே சுவரில் அடித்து வைத்த பலகையில்.

பிறகு பெட்டிக்கு மேலே இருக்கிற பவர் பொத்தானைத் தொட்டுப் பார்த்தேன். ஒரு பக்கம் சாய்ந்து, பாதி அமுங்கியபடி நின்றது, ஒரு அதிர்வுக்குத்தான் காத்திருந்தது. அக்காவின் கொண்டை ஊசியை வாங்கி ஓரத்தைச் சுரண்டினேன். மஞ்சளாக, காய்ந்து, பொடிப் பொடியாக வந்தது. முகர்ந்து பார்த்தேன். சந்தனம். சரஸ்வதி பூசையன்று நீ வீடியோவில் இருந்தாய். புத்தகத்துக்கு வைத்தேன், அனுசியாவின் தையல் மெஷினுக்கு வைத்தேன், உன் கம்ப்யூட்டருக்குத் திரையில் வைக்கப் போனேன். "ஸ்கிரீன்ல வேணாம்பா, கறை புடிச்சிக்கும். மேல வட்டமா ஒன்னு இருக்குல்ல, அது நடுவுல வைங்க, அழகா இருக்கும்" என்றாய். வைத்தேன். சந்தனம் கொஞ்சம் தண்ணியாகக் கரைத்திருந்தது, இடுக்கில் இறங்கியிருக்கிறது. விரல் என்னுடையது, அதை மறுக்கவில்லை, நோட்டிலும் எழுதிவிட்டேன். இடம் காட்டியது நீ. அதையும் எழுதிவிட்டேன். சுத்தம் செய்த பிறகு கதவைப் பத்து முறை ஓங்கிச் சாத்தினேன், ஒரு முறையும் எழவில்லை. இன்றோடு பன்னிரண்டு நாள் ஆகிறது.

அனுசியாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் "சரிப்பா" என்பாள், அந்த வார்த்தை எனக்கு இப்போது ஒத்துக்கொள்வதில்லை. இந்தக் கடிதத்தின் நகலும் நோட்டின் நகலும் புதன்கிழமை அவள் கையில் கொடுப்பேன், குஞ்சம்மா அக்கா சாட்சிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இனி நடக்க வேண்டியது. அனுசியா கார் சாவியைக் கொண்டுவந்து என் கையில் கொடுக்க வேண்டும், நான் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து ஆணியில் மாட்டிவிட்டுப் போகக் கூடாது. பின்னறைக்கு அவள் வாங்கிய கட்டிலை அவள் பிள்ளைகளுக்குப் போட்டுக்கொடுக்கட்டும். திலீபன் அந்தச் சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு பொத்தான் பழுது என்று எழுதித் தர வேண்டும், அதற்கு நான் காரில் போவேன். கதவின் அடியைச் சீவுவது என் வேலை, மழை விட்டதும் செய்வேன். நீ அந்தக் குரூப்பில் என்னைச் சேர்த்து, எந்த இடத்தில் அப்பாவுக்கு ஸ்டார்ட் ஆயிருச்சு என்று எழுதினாயோ அதற்குக் கீழேயே, கம்ப்யூட்டர் ஏன் எழுந்தது என்று முழுதாக எழுத வேண்டும், சந்தனம் உட்பட. "சாரிப்பா" என்று மட்டும் போட்டுவிட்டு நழுவக் கூடாது. பிப்ரவரி 12 வியாழக்கிழமை டாக்டரிடம் பதிந்ததை அனுசியா ரத்து செய்ய வேண்டாம். போகிறேன். நீங்கள் சொன்னதற்காக இல்லை, அந்த மூன்று நாளுக்காக. அந்தச் சந்தேகம் கம்ப்யூட்டரோடு போய்விட்டதா என்று எனக்குத் தெரிய வேண்டும். வண்டியை நான் ஓட்டுவேன், அனுசியா பக்கத்தில் உட்காரலாம், டாக்டர் அறைக்குள் வரக் கூடாது. கேள்வியை என்னிடம் கேட்கட்டும், பதிலை நான் சொல்கிறேன். அவர் எழுதித் தருவதை முதலில் நான் படிப்பேன், பிறகு அவளுக்குப் படித்துக் காட்டுவேன், அது எப்படி இருந்தாலும் ஒரு வரி விடாமல். இந்த வீட்டில் இருப்பதா போவதா என்பதை அதன் பிறகு சொல்ல வேண்டியவன் நான்.

உனக்கும் தேவமலருக்கும் அம்மன் துணை என்றும் இருக்கட்டும், நீண்ட ஆயுளோடும் நல்ல புத்தியோடும் இருங்கள். பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி சாயங்காலம் எனக்குப் போன் செய், அனுசியாவுக்குச் செய்யாதே.

உன் அப்பா,
நல்லமுத்து