தொட்டிக்குள் தாலி

14.3.1984, புதன். ஈப்போ

மதியம் சாப்பாடு கொண்டுவந்த என் மனைவி வசந்தா, பட்டறையில் நகை கழுவும் அல்ட்ராசோனிக் தொட்டி ஓடிக்கொண்டிருந்தபோது அதன்மேல் குனிந்து நின்றாள். தாலியைக் கழற்ற அவளுக்கு மனம் வரவில்லை. கழுத்தில் கிடந்தபடியே அதைத் தண்ணீரில் முக்கி, விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு உயிரே போய்விட்டது. ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன்.

"ஓடும்போது கைய விடாதேன்னு எத்தன தடவ சொன்னேன்? அந்த அதிர்வு எலும்பு வரைக்கும் தாக்கும்லா!"

பட்டறையில் பாதி இடம் வைத்திருக்கும் கடிகாரக்காரர் ஆ செங் முன்னால் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. அவள் கண் கலங்கிவிட்டது.

எதிர்க்கடையில் மஞ்சள் கயிறும் ஒரு விரலி மஞ்சளும் வாங்கிவந்து, கோத்து நானே அவள் கழுத்தில் கட்டினேன். அதன் பிறகுதான் தாலியைக் கழற்றித் தந்தாள். கம்பிக்கூடையில் இறக்கி, மூடி போட்டு ஓடவிட்டேன். மறுபடியும் கல்யாணமா என்று ஆ செங் மலாயில் கேட்டுச் சிரித்தார்.

"கல்யாணத்தன்னிக்குக்கூட உங்க கை இப்படி நடுங்கலலா," என்றாள் வசந்தா.



இப்போது தூங்குகிறாள். தாலியைத் திரும்பப் போட்டும் மஞ்சள் கயிற்றைக் கழற்றவில்லை. அவள் விரல்களை விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பத்தும் நன்றாகத்தான் இருக்கின்றன. இன்னொரு தடவை பார்த்துவிட்டு விளக்கை அணைக்கப் போகிறேன்.